அம்மா உதறிய சட்டை

போன ஆடி மாதம் அது. திருச்சியில் நுரையீரல் டாக்டரின் அறையில் அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா வரவில்லை, துவாக்குடியில் வாட்ச்மேன் வேலை, லீவு கிடைக்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாறுவதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நுரையீரலைச் சுற்றியுள்ள உறை தடித்திருப்பதாக ஸ்கேனைப் பார்த்து டாக்டர் சொன்னார். புற்றுநோயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"என்னம்மா வேலை பாத்தீங்க?"

"நான் வீட்டுல சும்மாதாங்க இருக்கேன். அவருதான் முன்னாடி கம்பெனில பஞ்சு வேலை பாத்தாரு."

"பஞ்சாலையா?" என்று எழுதப் போனார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாய்லர் குழாய்களில் சூடு போகாமல் பொதிந்து சுற்றுவார்களே, அதைத்தான் எங்கள் வீட்டில் பஞ்சு என்போம். கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். சொன்னேன். டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டார்.

"அவரு வேலைக்குப் போட்டுட்டுப் போன துணிய யாரு துவைச்சது?"

அம்மா சிரித்தார். "நான்தாங்க. பொங்கலுக்கு வெள்ளையடிச்ச செவுரு மாதிரி வருவாரு. வாசல்ல வச்சு நல்லா உதறிட்டுதான் ஊறப்போடுவேன்."

வேலை பார்த்தவருக்கு மட்டுமில்லை, துணியோடு தூசு வீட்டுக்கு வந்தாலும் ஆபத்துதான் என்றார் டாக்டர். எவ்வளவு தூசு, எத்தனை வருடம் என்பதைப் பொறுத்தது, எல்லோருக்கும் வராது, வந்தால் இருபது முப்பது வருடம் கழித்தும் வரும். அம்மாவுக்கு இப்போது புற்றுநோய் இல்லை, ஆனால் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா பீடி குடிப்பாரா என்றும் கேட்டார். குடிப்பார். அந்தத் தூசும் பீடியும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்காம்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். "நான்ல வேலை பாத்தேன்? எனக்கு இருமலே இல்லையே. அவளுக்கு எப்புட்றா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"ஒங்க சட்டைக்கு என்னையத்தான் புடிச்சிருக்கு போல" என்றார் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. பீடியைப் பற்றவைக்காமலே கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். மறுவாரம் அவரும் ஸ்கேனுக்கு வந்தார். அவருக்கும் அதே தடிப்பு. பீடியை விட்டுவிட்டேன் என்கிறார். நம்பவும் முடியவில்லை, தோண்டிக் கேட்கவும் மனசில்லை.

தினம் பத்து ரூபாய் கூடுதல் என்றுதான் அப்பா பஞ்சு வேலைக்குப் போனார். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் படித்தது அதில்தான். ஸ்கேன், மாத்திரை, பஸ் டிக்கெட் என்று இருவருக்கும் இதுவரை ஆன செலவு பதினோராயிரத்துச் சொச்சம்; ஆனால் வீட்டில் யார் இருமினாலும், கணக்கு இன்னும் முடியவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.