படுத்த படுக்கையாய் நேசக்குமார்

தூத்துக்குடி மில்லர்புரம் நேசக்குமாருக்குக் கடவுள் எல்லாம் கொடுத்தார், பொறுமையை மட்டும் கொடுக்கவில்லை. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஆட்களுக்கு ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் சும்மா நின்றால் கம்பெனிக்கு நஷ்டம் என்று ஆயுள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, உலகத்தில் எது சும்மா நின்றாலும் தனக்கே நஷ்டம் என்று நினைக்கப் பழகியிருந்தார். நின்றுகொண்டே சாப்பிடுவார். எதிரில் இருப்பவர் பாதி பேசும்போதே மீதியை இவர் சொல்லி முடிப்பார், பெரும்பாலும் தப்பாக. ஆலயத்தில் போதகர் ஆசீர்வாதம் கூறக் கையை உயர்த்தும் நேரம், இவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி ஷெர்லி, ஓய்வு பெற்ற ஆசிரியை, ‘நஞ்சேறிய வீடு’ தொடரின் தீவிர ரசிகை.

அது தூத்துக்குடி உப்பளக் குடும்பம் ஒன்றின் கதையாம். அந்த வீட்டில் கரண்ட் பில் கட்டவில்லையோ என்று நினைக்கும்படி எப்போதும் இருட்டு. பெண்கள் பட்டுச்சேலையும் ஒட்டியாணமுமாகத் தூங்கப் போவார்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கடலில் வாராவாரம் முத்து எடுப்பார்கள். முத்துக்குளிப்பு நின்று அறுபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சென்னையிலிருந்து வந்து எழுதியவர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

“ஏளா, இந்தக் கதவு முந்தாநாளே தெறந்துச்சே. அவ இன்னுமா உள்ள வரல?”

“வருவா. பேசாம இருங்க.”

“ஒரு கதவுக்கு மூணு நாளா? எங்க கிரேன் ஆப்பரேட்டர் இப்படி இருந்தாம்னா கப்பலே துருப்பிடிச்சிருக்கும்.”

“ஒங்களுக்கு உணர்ச்சி கிடையாது” என்பாள் ஷெர்லி. அத்துடன் அன்றைய பேச்சு முடியும்.

அந்தத் தொடரின் படப்பிடிப்பே ஒருநாள் ஊருக்கு வந்தது. கடற்கரைச் சாலைப் பக்கம் பழைய பங்களா ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போக வேண்டும் என்று ஷெர்லி ஒற்றைக் காலில் நின்றாள். நேசக்குமார் ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். உள்ளே ஒரே களேபரம். குடும்பத்துப் பெரியவராக நடித்தவர் முழங்கால் ஆபரேஷனுக்குப் போய்விட்டார். படுக்கையில் கிடக்க ஒரு பெரியவர் உடனே வேண்டும்.

வாசலில் நின்று, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கடுகடுத்துக்கொண்டிருந்த நேசக்குமாரை இயக்குநர் பார்த்தார். அடர்ந்த புருவம், இறுகிய வாய்.

“சார், உங்க முகத்துல ஒரு ரகசியம் இருக்கு” என்றார்.

நேசக்குமார் முகத்தில் இருந்தது காப்பி குடிக்காத எரிச்சல். அதை அவர் சொல்லும் முன் ஷெர்லி சம்மதம் சொல்லிவிட்டாள்.

கதை இதுதான். பெரியவர் குடிக்கும் பாலில் குடும்பத்தில் யாரோ விஷம் வைத்துவிட்டார்கள். யார் என்பதைப் பெரியவர் பார்த்துவிட்டார். ஆனால் பேச்சும் அசைவும் போய்க் கிடக்கிறார். “ரெண்டே வாரம் சார். அப்புறம் கண்ணைத் திறந்து பேரைச் சொல்றீங்க” என்றார் இயக்குநர்.

நேசக்குமார் படுத்தார். சித்திரை வெயிலில், முகத்துக்கு நேரே விளக்குகள், கழுத்துவரை கம்பளி. ஒலிப்பதிவுக்கு இடைஞ்சல் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். மூத்த மருமகள் விசாலாட்சி, மூத்த மகன் விஜயன், சின்ன மருமகள் வினோதினி, குடும்ப டாக்டர் விஸ்வநாதன் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். கேமரா ஒவ்வொரு முகத்தையும் மூன்று தடவை பார்க்கும். பார்க்கும்போதெல்லாம் டிவியில் இடி இடிக்கும். ஐப்பசியில் நாலு மழை பெய்தாலே அதிசயமான ஊரில், அந்த வீட்டுக்குள் மட்டும் ஓயாத இடி. நேசக்குமாரின் சுண்டுவிரல் அசைந்ததை ஒரு வாரம் காட்டினார்கள். அசைந்தது விரலா, ஃபேன் காற்றா என்று குடும்பம் இன்னொரு வாரம் விவாதித்தது. நின்றுபோன ஃபேனுக்கு ஏது காற்று என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கோடையைத் தாண்டி, ஆடிக்காற்றைத் தாண்டிப் போனது.

ஊரில் எல்லோருக்கும் அவர் விஷம் குடித்த பெரியவராகவே ஆகிவிட்டார். மீன் விற்க வரும் சந்தனமாரி, வாசலில் அவரைக் கண்டதும் கூடையை இறக்கினாள். “எழும்பிட்டியளா அண்ணாச்சி? அந்த வீட்டுல இனிமே பச்சத்தண்ணி குடிக்காதிய, ஆமா.” ஏரலில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனார். பால் பாயசம் ஊற்ற வந்தவர் ஊற்றாமல் நின்றார். “இவுகளுக்கு ஊத்தலாமா சார்?” என்று பக்கத்து இலைக்காரரைப் பார்த்துக் கேட்டார். பந்தியே சிரித்தது. முப்பது வருஷம் துறைமுகத்தில் ஓடியாடி உழைத்தபோது கிடைக்காத மரியாதை, அசையாமல் கிடந்ததற்குக் கிடைத்தது. அது அவருக்கு ரொம்பவே கசந்தது.

வீட்டிலோ ஷெர்லியின் விசாரணை. “என்கிட்ட மட்டும் சொல்லுங்க. விஷம் வச்சது யாரு?”

“எனக்கே தெரியாதுளா.”

“கட்டுன பொண்டாட்டிகிட்டயே மறைக்கியளே!”

மறுநாள் நேசக்குமார் கதாசிரியரிடமே கேட்டார். பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார் அந்த இளைஞர்.

“அது இன்னும் முடிவாகல சார். எல்லார் மேலயும் சந்தேகம் இருக்கணும்.”

“நீ எழுதுத கதை, ஒனக்கே தெரியாதா?”

“தெரிஞ்சா எழுதிடுவேனே சார். எழுதினா முடிஞ்சிடும்ல?”

பிஸ்கட் டீக்குள் விழுந்தது. இளைஞர் அதைத் தேடுவதில் மும்முரமானார். எந்தத் துறைமுகத்துக்குப் போகிறோம் என்று தெரியாமல் ஒருத்தன் கப்பலை எடுத்துவிட்டான், அதில் தான் சரக்காகக் கிடக்கிறோம் என்று அப்போதுதான் நேசக்குமாருக்கு உறைத்தது.

அந்த வாரம் அவருக்கு முதல் வசனம் கொடுத்தார்கள். வசனம் ‘வி’. அவ்வளவுதான். பெரியவர் உதடு நடுங்க “வி... வி...” என்பார். விசாலாட்சியா, விஜயனா, வினோதினியா, விஸ்வநாதனா என்று பார்க்கிறவர்கள் தவிக்க வேண்டும். இந்த ஓர் எழுத்தைத் தீபாவளிவரை ஓட்டப்போவதாக இயக்குநர் சந்தோஷமாகச் சொன்னார்.

கேமரா ஓடியது. எல்லோரும் குனிந்தார்கள். “வி...” என்றார் நேசக்குமார். மூன்று தடவை எடுத்தார்கள். நாலாவது தடவை கம்பளியை எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

“விசாலாட்சி! மூத்த மருமவ விசாலாட்சிதான் பால்ல விஷத்தக் கலந்தா. நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன். போலீசுக்குப் போனப் போடுங்க. சோலி முடிஞ்சுது!”

விசாலாட்சியாக நடித்தவள் பெயர் ஜெபசுதா. சொந்த ஊர் சாத்தான்குளம். சென்னைக்குப் போய் ஊர்ப்பேச்சை ஒழித்துக்கட்டியிருந்தாள். இரண்டு வருஷமாக அவளுக்குக் கொடுத்த வேலை, தூணுக்குப் பின்னால் நின்று ஒற்றைப் புருவத்தைத் தூக்குவது மட்டும்தான். அவள் முகம் மாறியது. முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“ஆமா, நாந்தாம் வச்சேன்! மாடு மாதிரி ஒழைச்சேன். ஒருநாளு சாப்ட்டியாளான்னு கேட்டியளா? அதாம் வச்சேன். இப்ப என்ன பண்ணப் போறிய?”

அவள் அழுதது நடிப்பு மாதிரி இல்லை. விஜயனாக நடித்தவர், யாரும் சொல்லாமலே, கதையில் எப்போதோ பெட்டியிலிருந்து காணாமல் போன முத்துமாலையைத் திருடியது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். வினோதினி விசாலாட்சி அக்காளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு வருஷக் கதை, ஒரு டீ ஆறும் நேரத்துக்குள் கரை சேர்ந்தது. விளக்குப் பிடித்தவர்கள் கைதட்டினார்கள். வெளியேறும்போது ஜெபசுதா நேசக்குமாரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட ஷெர்லிதான் கொதித்துப்போனாள். “சொல்லிட்டியளே! இனி நான் எதைப் பாக்க? ஒரு வார்த்தைய வாய்க்குள்ள வச்சிருக்க முடியாதா ஒங்களால?” அன்று அவருக்குக் குழம்பு இல்லாத தோசை.

ஆனால் சேனல்காரர்கள் புத்திசாலிகள். அவர் எழுந்து உட்கார்வதை மட்டும் வெட்டி எடுத்து, “பெரியவர் பேசுகிறார்!” என்று நாள் தவறாமல் விளம்பரம் போட்டார்கள். ஊரே காத்திருந்தது. கடைசியில் ஒளிபரப்பானது. பெரியவர் எழுந்தார், “விசாலாட்சி!” என்று அலறினார், இடி இடித்தது. விசாலாட்சி வியர்த்து விழித்துக்கொண்டாள். எல்லாம் அவள் கண்ட கனவு. கட்டிலில் பெரியவர் பழையபடியே கிடந்தார், வேறு முகத்துடன். திரையின் அடியில் ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்து ஓடியது.

“நல்ல வேளை, கனவு” என்று ஷெர்லி நெஞ்சில் கைவைத்தாள். இன்னும் பார்க்க மிச்சமிருக்கிறது என்ற நிம்மதி. நேசக்குமார் எழுந்து வெளியே போய், ஸ்டாண்ட் போட்டிருந்த ஸ்கூட்டரைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். ஒருவன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை கேமராமுன் பேசியதை இன்னொருத்தியின் கெட்ட கனவாக்கிவிட்டார்களே என்ற ஆத்திரம், வண்டி பளபளத்த பின்னும் தணியவில்லை.

மறு வருஷம், சமையல் போட்டி ஒன்றுக்கு அந்த நேரம் தேவைப்பட்டது. தொடரை ஒரே நாளில் முடித்தார்கள். கேஸ் சிலிண்டர் வெடித்தது. மகன்கள், மருமகள்கள், டாக்டர், படுக்கையில் கிடந்த புதுப் பெரியவர் எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். வணக்கம் போட்டுவிட்டார்கள்.

சற்று நேரத்தில் நேசக்குமாரின் போன் அடித்தது.

“சார், சாத்தான்குளம் ஜெபசுதா பேசுதேன். பாத்தியளா?”

“பாத்தேம்மா. ஒருத்தர் மிச்சமில்லாம செத்துட்டிய.”

“அது கெடக்கட்டும். விஷம் வச்சது யாருன்னு கடைசிவர சொல்லலியே. ஒங்ககிட்டயாவது சொன்னானுவளா?”

“ஒரு பயலுக்கும் தெரியாதும்மா. நீதான்னு நானாச் சொன்னதுதான்.”

“நானும் அப்படி நெனச்சுத்தான் நடிச்சேன். நான் இல்லன்னா இத்தன நாளா எதுக்கு மொறைச்சேன்?” அவள் குரல் உண்மையிலேயே உடைந்திருந்தது.

ஷெர்லி போனைப் பிடுங்கினாள். “ஏளா ஜெபசுதா, நீ வச்சிருக்க மாட்ட. எனக்கு மொதல்லருந்தே தெரியும். அந்தச் சின்னவ வினோதினிதான். பால் காய்ச்சுன அன்னைக்கு அவ அடுப்படியில நின்னா பாரு...”

“நின்னாளா? எந்த எபிசோடுல அக்கா?” என்றது போன்.