இரண்டு முறை வந்த ஒன்றரை மணி

கடிகார ரிப்பேர்க்காரருக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் ‘பத்து நிமிஷம்’. எப்போது போய்க் கேட்டாலும் அதைத்தான் சொல்வார், அப்புறம் வாரக்கணக்கில் இழுத்தடிப்பார். பாவி மனுஷன் ஒழுங்காகக் கவனித்த கடிகாரம் ஒன்றே ஒன்றுதான். கடைச் சுவரில் மாட்டியிருந்த அது, மாலுமியான மகனின் கப்பல் நேரத்தைக் காட்டியது. கப்பல் மேற்கே போகப் போக, மகன் போனில் சொல்கிற நாட்களில் முள்ளை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார். பட்டப்பகலில் அதை நிமிர்ந்து பார்த்து, “இப்ப தூங்கிட்டிருப்பான்” என்று குரலைத் தாழ்த்திக்கொள்வார். பாதி நாள் அவர் இந்த ஊரிலேயே இல்லை.

மகன் கடலில் காணாமல் போய் நான்கு மாதமாகிவிட்டது. ராத்திரி ஒன்றரைக்கு மேல்தளத்தில் அவனைப் பார்த்தார்களாம். இரண்டு மணிக்கு ஆளைக் காணோமாம். உடனே கப்பலைத் திருப்பி, அந்த அரை மணியில் வந்த வழி முழுக்கத் தேடினார்களாம்.

“நல்லா நீந்துவார்னு சொல்றாங்க, கடலும் அமைதி” என்றார் கம்பெனி அதிகாரி. “அப்பவும் கிடைக்கலைன்னா, அவரே முடிவு பண்ணியிருக்கலாம் ஐயா.”

சொல்ல எப்படித்தான் மனசு வந்ததோ! அன்றிலிருந்து வீட்டில் சோறு இறங்கவில்லை. “கடைசியா பேசினப்ப நான் ஏதாவது சுருக்குனு சொல்லிட்டேனா?” என்று மனைவி தினமும் கேட்டாள். மகன் தானாகப் போனானா, தவறி விழுந்தானா என்று தெரியாமல் இருவராலும் உயிரோடு இருக்க முடியும் போலத் தோன்றவில்லை.

ஒரு மத்தியானம், சுற்றிலும் கடிகாரங்கள் டிக்டிக்கென்று ஓட, கடை மேஜையிலேயே அவருக்குக் கண் செருகியது. மகன் கடைசியாகப் பேசியது காதருகே கேட்டது. “அப்பா, இன்னிக்கு ராத்திரி ரெண்டு மணியை மறுபடி ஒரு மணியாக்கிடுவாங்க. மறக்காம முள்ளைத் தள்ளிடுங்க.” திடுக்கிட்டு எழுந்தவர், கடையைக்கூடப் பூட்டாமல் கம்பெனி அதிகாரியிடம் ஓடினார்.

“அவனைப் பார்த்தது எந்த ஒன்றரைக்கு சார்?”

“ஒன்றரைன்னா ஒன்றரைதான் பெரியவரே.”

“அன்னிக்கு அது ரெண்டு தடவை வந்துச்சு சார்.”

சிரிக்க வந்த அதிகாரி சிரிக்கவில்லை. கப்பலுக்குப் போன் போட்டு வெகுநேரம் பேசினார். பார்த்தது முள்ளைத் தள்ளுவதற்கு முன்பு, தேடத் தொடங்கிய இரண்டு மணியோ தள்ளிய பிறகு. ஆக, இடையில் போனது ஒன்றரை மணி நேரம். அரை மணி தூரத்தோடு திரும்பிவிட்ட கப்பல், மகன் விழுந்திருக்கக்கூடிய கடலில் பாதிக்குமேல் எட்டிப் பார்க்கவே இல்லை.

“அவரா முடிவெடுத்ததா சொல்ல முடியாது” என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார். வீடுவரை கால் தரையில் பாவவில்லை.

“அவன் தானா போகல. நீ ஒண்ணும் சொல்லிடல. இவங்கதான் தப்பான இடத்துல தேடியிருக்காங்க.”

மனைவி காகிதத்தை மார்போடு அணைத்து ஓவென்று அழுதாள். நான்கு மாதத்தில் முதல்முறையாக அவள் முகம் தெளிந்தது. பிறகு மெதுவாக அவரைப் பார்த்தாள்.

“அப்போ, கப்பல் திரும்பி வரும்னு நீந்திக்கிட்டே இருந்திருப்பானே.”

அதை அவர் யோசித்திருக்கவில்லை.