நன்றி சார், இப்போதே செய்கிறேன்

1. ஒரு வெள்ளிக்கிழமை காலை

லிவர்மோர் வீட்டிலிருந்து மலையைத் தாண்டி ஃப்ரீவேயில் ஊர்ந்து ஊர்ந்து சான் ஹோசே ஆபீஸுக்கு வந்து சேர்ந்தேன். காபிகூட எடுக்கவில்லை. ஃபோரத்தைத் திறந்தால், முதல் கேள்வியும் அதன்கீழ் பதில்களுமே கொதித்துக்கொண்டிருந்தன.

நான் பார்த்த வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பேக்கப் சாஃப்ட்வேர் விற்கும் ஒரு கம்பெனியில் ஃபோரம் மாடரேட்டர். எங்கள் சாஃப்ட்வேரை வாங்கியவர்கள் சிக்கல் வந்தால் ஃபோரத்தில் கேள்வி போடுவார்கள், அனுபவமுள்ள மற்ற வாடிக்கையாளர்கள் பதில் எழுதுவார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எல்.கே.ஜி. டீச்சர் வேலை மாதிரிதான். என்ன, பிள்ளைகளுக்கெல்லாம் தாடி முளைத்திருக்கும்.

அன்றைய கேள்வி முழுக்க முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில், கத்துவது போல, வரிக்கு ஐந்தாறு ஆச்சரியக்குறியோடு இருந்தது. போட்டவர் பெயர் ஜெபராஜ். டெக்சாஸில் ஒரு சின்ன கிளினிக்கில் கம்ப்யூட்டர் வேலைக்கென்று இருக்கும் ஒரே ஆள். சர்வர் டிஸ்க் போய்விட்டது, நோயாளிகளின் ரெக்கார்டுகளை பேக்கப்பிலிருந்து எடுக்கப் பார்த்தால் எர்ரர் வருகிறது, கிளினிக் திறந்துவிட்டது, டாக்டர்கள் காத்திருக்கிறார்கள், யாராவது உதவுங்கள் என்று எழுதியிருந்தார்.

உதவிதானே கேட்டார்? கிடைத்தது என்னவென்றால், 'உங்கள் கீபோர்டு உடைந்துவிட்டதா?' என்று ஒருவர். 'ஃபோரம் விதிகளைப் படிக்கத் தெரியுமா?' என்று இன்னொருவர். 'இதே கேள்விக்கு ஏற்கெனவே பதில் இருக்கிறது, தேடிப் பாருங்கள்' என்று மூன்றாமவர். எங்கே இருக்கிறது என்று சொல்ல அவருக்கு விரல் வலித்திருக்கும் போல. ஜெபராஜின் ஆங்கிலத்தை நக்கலடித்து ஒருவர் எழுதியதற்கு நிறைய லைக். அத்தனை பேரிடமும் ஜெபராஜ் தனித்தனியாக 'ஸாரி சார்' சொல்லி, கேள்வியைச் சின்ன எழுத்தில் திரும்பப் போட்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியாக வந்திருந்தார் சுந்தர். நியூஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சர்காரர். நல்ல பதில்களுக்காக நாங்கள் கொடுக்கும் தங்க நட்சத்திரத்தைப் பெயருக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஒரே ஆள். உண்மையிலேயே கெட்டிக்காரர். அவரோடு போனில் பலமுறை பேசியிருக்கிறேன், நல்ல மனுஷர்தான். அவர் எழுதியிருந்தது இதுதான்: 'பர்ஜ் கமாண்டை ஃபோர்ஸ் போட்டு ஓட்டுங்கள். உங்கள் பிரச்சினை எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும்.' பக்கத்தில் கண்ணடிக்கும் ஒரு ஸ்மைலி.

பர்ஜ் என்பது பேக்கப்பில் இருப்பதை அழிக்கும் கமாண்ட். ஃபோர்ஸ் போட்டால், 'நிஜமாகவே அழிக்கலாமா?' என்றுகூடக் கேட்காது. விஷயம் தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள்.

உடனே அந்தப் போஸ்ட்டை டிலீட் செய்தேன். 'இதை யாரும் ஓட்டாதீர்கள்' என்று தடித்த எழுத்தில் எச்சரிக்கையும் போட்டேன். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தபோது ஃபோரம் பக்கத்தில் புதிதாக ஒரு வரி வந்து விழுந்தது. ஜெபராஜ்: 'நன்றி சார், இப்போதே செய்கிறேன்.'

ஃபோரத்தில் ஒரு பதில் வந்தால், கேள்வி கேட்டவருக்கு அது மெயிலாகவும் போகும், பக்கத்தைத் திறக்காமல் அங்கிருந்தே அவர் பதிலும் போடலாம். ஃபோரம் பக்கத்திலிருந்து நான் அழிக்கலாம், போன மெயிலைத் திரும்ப இழுக்க முடியாது. அந்த மெயிலில் வெறும் எழுத்து மட்டும்தான் போகும், ஸ்மைலி போகாது. ஜெபராஜ் பார்த்ததில் கண்ணடிப்பு இல்லை. தங்க நட்சத்திரக்காரர் ஒரு கமாண்ட் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். என் எச்சரிக்கையும் மெயிலாகப் போயிருக்கும். சர்வர் முன்னால் வியர்த்துக்கொண்டு நிற்பவர் அதையா திறந்து பார்ப்பார்?

2. மூன்று பேர், ஒரு லைன்

என் மேனேஜர் பிரையனிடம் ஓடினேன். ரெஜிஸ்டர் செய்தபோது ஜெபராஜ் கொடுத்த போன் நம்பர் எங்களிடம் இருந்தது.

"நோ, கலா. அந்த நம்பர் பாஸ்வேர்டு மறந்தா மட்டும்தான். பாலிசி உனக்கே தெரியும். முதல்ல லீகலுக்கு ஒரு மெயில் போடறேன்" என்றார்.

"நீங்க மெயில் போடுங்க. அது வரைக்கும் நான் போன் போடறேன்" என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்து டயல் செய்தேன். பிரையன் பின்னாலேயே வந்து நின்றுகொண்டார்.

ரொம்ப நேரம் மணி அடித்த பிறகு எடுத்தார்கள். ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். 'ஹலோ' சொன்ன விதத்திலேயே ஆள் திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. தமிழுக்கு மாறினேன்.

"ஜெபராஜுங்களா? ஃபோரம் மாடரேட்டர் கலா பேசறேனுங்க. அந்த பர்ஜ் கமாண்டை ஓட்டிட்டீங்களா?"

"ஓடிக்கிட்டிருக்கு மேடம்."

"உடனே நிறுத்துங்க. அது பேக்கப்பை அழிக்கிற கமாண்ட்."

"என்ன மேடம் சொல்லுதீங்க? சார்தானே ஓட்டச் சொன்னாவ. பாதியில நிறுத்துனா கரப்ட் ஆயிரும்னு மேனுவல்ல போட்டிருக்கே."

"அவர் சொன்னது தப்புங்க. நான் கம்பெனியிலிருந்து பேசறேன்."

"தப்பா நெனைக்காதீங்க மேடம். கம்பெனியிலேர்ந்து பேசுதோம்னு தெனமும் ஸ்கேம் கால் வருது. ஒங்க பேர நான் ஃபோரத்துல பாத்ததே இல்லையே. சாருக்கு கோல்டு ஸ்டார் இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? ஃபோரத்தில் என் கணக்கின் பெயர் வெறும் 'மாடரேட்டர்'. பெயரில்லாத ஒருத்தி போனில் கத்துகிறாள். அங்கே எல்லோரும் ஏளனம் செய்தபோது, ஒரே ஒரு பெரிய மனிதர் இரங்கி வந்து வழி சொல்லியிருக்கிறார். நானாக இருந்தாலும் அவரைத்தான் நம்பியிருப்பேன்.

போனில் பின்னாலிருந்து ஒரு குரல், இன்னும் எவ்வளவு நேரம் என்று ஆங்கிலத்தில் அதட்டியது. ஜெபராஜ் குரலைத் தாழ்த்தினார். "மேடம், இந்த வேலை போச்சுன்னா விசாவும் போயிரும். பொண்ணு இங்கதான் ஸ்கூல் போறா. நான் எதையும் இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது."

"சரி, அந்த சாரே வந்து சொன்னா நிறுத்துவீங்களா?"

"சார் சொன்னா நிறுத்துதேன் மேடம்."

லைனை வைக்காமலே சுந்தரைக் கான்ஃபரன்ஸில் போட்டேன். பிரையன் என் தோளுக்குப் பின்னால், "என்ன சொல்றார்? என்ன சொல்றார்?" என்று நச்சரித்தார். கையைக் காட்டி அடக்கினேன். நியூஜெர்சியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் சர்வரின் ஃபேன் சத்தம் கேட்டது. அங்கே அழிந்துகொண்டிருந்தது யார் யாருடைய ஸ்கேன், யார் யாருடைய ரத்தப் பரிசோதனை என்று நினைத்துக்கொண்டே மணியை எண்ணினேன்.

"கலா மேடம்! என்ன அதிசயமா இருக்கு?" என்று சிரித்தபடி எடுத்தார் சுந்தர்.

"சிரிக்காதீங்க சுந்தர். லைன்ல ஜெபராஜ் இருக்கார்."

"எந்த ஜெபராஜ்?"

"நீங்க பர்ஜ் பண்ணச் சொன்ன ஜெபராஜ். ஓட்டிட்டிருக்கார்."

"ஐயோ, அது ஜோக்குங்க! ஸ்மைலி போட்டிருந்தேனே. யாராவது நெஜமாவே ஓட்டுவாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெபராஜ் பேசிவிட்டார். "வணக்கம் சார். நீங்க சொன்ன மாதிரியே போட்டிருக்கேன் சார். பாதிக்கு மேல முடிஞ்சிருச்சு."

சுந்தர் பதறினார். "ஜெபராஜ், நிறுத்துங்க. இப்பவே கன்ட்ரோல் சி அழுத்துங்க. அது உங்க டேட்டாவை அழிக்குது. நான் வெளையாட்டுக்கு எழுதினேன்."

"வெளையாட்டுக்கா சார்?"

அதில் கோபமே இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "நின்னுட்டு சார்" என்றார் ஜெபராஜ்.

அன்று முழுவதும் சுந்தர் தன் வேலையை விட்டுவிட்டு லைனிலேயே இருந்து ரிஸ்டோர் செய்துகொடுத்தார். பர்ஜ் பழையவற்றிலிருந்துதான் அழித்துக்கொண்டு வரும். அதனால் சமீபத்திய ரெக்கார்டுகள் தப்பின. பல வருடத்துப் பழைய ரிப்போர்ட்டுகள் போனது போனதுதான். நம்பரை எடுத்துப் பேசியதற்கு எனக்கு எழுத்துமூலமாக ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். வாங்கி டிராயரில் போட்டேன். வருத்தம் துளிகூட இல்லை.

3. சுத்தமான பக்கம்

திங்கட்கிழமை ஜெபராஜே கூப்பிட்டார். குரல் கம்மியிருந்தது. "மேடம், யாரக் கேட்டு இத ஓட்டுனேன்னு மேனேஜர் கேக்காரு. ஃபோரத்துல சொன்னாவன்னு பேஜைத் திறந்து காட்டுனேன். அதுல ஒண்ணுமே இல்ல மேடம். மெயில் வந்த பழைய கம்ப்யூட்டரையும் சனிக்கிழமையே கழட்டி மாத்திட்டாவ. நானே என் இஷ்டத்துக்கு அழிச்சுட்டுப் பொய் சொல்லுதேன்னு நெனைக்காவ."

திறந்து பார்த்தேன். விஷயம் பரவியதும் நக்கலடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் போஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சுந்தருடையதை நானே அழித்திருந்தேன், என் எச்சரிக்கையை லீகல் எடுத்துவிட்டிருந்தது. மீதியிருந்தது ஜெபராஜின் எழுத்து மட்டும். கேள்வி, வரிசையாக ஸாரி, பிறகு ஒரு நன்றி. தனக்குத் தானே பேசிக்கொண்ட மனிதரைப் போல இருந்தார்.

அழித்ததைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று பிரையனிடம் கேட்டேன். கூடாது, கம்பெனி மாட்டிக்கொள்ளும் என்றார். லீகலும் அதையே சொன்னது. எழுதினவர் தானாக வந்து எழுதினால் மட்டும் தடுக்க முடியாதாம்.

சுந்தரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் கன்சல்டன்ட். கூகுளில் அவர் பெயரைத் தேடினால் முதலில் வருவது எங்கள் ஃபோரம்தான். அந்தத் தங்க நட்சத்திரத்தை வைத்துத்தான் அவருக்கு வேலையே வந்தது. "யோசிச்சு சொல்றேன் மேடம்" என்று வைத்துவிட்டார். போச்சு, ஆள் நழுவிவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஜெபராஜுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், மதியம் டப்பாவைத் திறந்தவள் அப்படியே மூடிவிட்டேன்.

சாயங்காலம் அந்தப் பக்கத்தில் சுந்தரின் போஸ்ட் வந்தது. முழுப் பெயரோடு. 'இந்தக் கமாண்டை ஓட்டச் சொன்னது நான். கேலிக்காக எழுதினேன். இவர் என்னை நம்பிச் செய்தார். தவறு என்னுடையது, இவருடையது அல்ல.' ஜெபராஜின் மேனேஜர் அதைப் படித்தார். வேலை தப்பியது. சுந்தருக்கு வரவேண்டிய ஒரு காண்ட்ராக்ட் அந்த மாதமே கைவிட்டுப் போனது.

அதன்பிறகு ஃபோரத்தில் இரண்டு விதிகள் கொண்டுவந்தேன். கமாண்டை வைத்து ஜோக் அடித்தால், நட்சத்திரம் இருந்தாலும் வெளியே. ஒருவர் உங்கள் பேச்சுக்குப் பதில் எழுதிவிட்டால், அதற்குப் பிறகு உங்கள் பேச்சை நீங்கள் அழிக்க முடியாது. புதிதாக வரும் மாடரேட்டர்களுக்கு நான் சொல்வதும் இவ்வளவுதான்: இங்கே எழுதுவதை யாரோ ஒருவர் அப்படியே செய்யப்போகிறார் என்று நினைத்து எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு அதற்குப் பொறுப்பேற்று நிற்கச் சொல்லுங்கள். நல்லவர்களுக்கும் இரண்டாவது சுலபமாக வந்துவிடாது. அன்று சாயங்காலம் அந்தப் போஸ்ட்டைப் போடுவதற்குச் சற்று முன்பு சுந்தர் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"மேடம், எழுதி வெச்சுட்டேன். இப்போ போடப்போறேன். போட்ட அடுத்த செகண்ட் நீங்க அதை லாக் பண்ணிடுங்க. எடிட், டிலீட் எதுவுமே என்னால முடியக்கூடாது."

"ஏன் சுந்தர்? நீங்களா மனசாரத்தானே போடறீங்க?"

"இப்போ மனசாரத்தான் போடறேன். ராத்திரிக்குள்ள பயம் வந்துடும் மேடம். என்னை எனக்குத் தெரியும்."

போட்டார். லாக் செய்தேன்.