அப்பாவிடம் மிஞ்சிய சொல்

எங்கள் இசைக்குழு இதுவரை வெளியிட்டது ஒரே பாட்டு. அதன் பல்லவியில் இருப்பதும் ஒரே சொல். போதும். அதைத்தான் குரலை ஏற்றி ஏற்றித் திரும்பத் திரும்பப் பாடுவேன். ஆன்லைனில் போட்ட சில வாரங்களிலேயே காதல் முறிந்தவர்கள் எல்லோரும் அதை ரீல்ஸில் வைத்துக்கொண்டார்கள். "யாரு அக்கா உன்ன விட்டுட்டுப் போனது?" என்று முகம் தெரியாதவர்கள் கேட்டு எழுதினார்கள்.

அப்பாவுக்குக் கடலூரில் மைக்செட் கடை. ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவிப்பு செய்வார். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, மாதா கோவில் தேர்பவனி, யாராவது இறந்துவிட்டால் அடக்க நேரம். சாவுச் செய்திக்கு மட்டும் குரலைக் கொஞ்சம் இறக்குவார். கடலூரிலேயே செம்மண்டலத்தில் இருந்த எங்கள் வீட்டிலும் அவர் வாய் ஓயாது. மாதா கோவிலில் பூசை முடிந்து வரும் வழியிலேயே சாமியாரின் பிரசங்கத்தைச் சாமியாரைவிட நன்றாகச் சொல்லிக் காட்டுவார். சிதம்பரத்தில் படித்தபோது இரண்டு நண்பர்களோடு ராக் குழு ஆரம்பித்தேன். எங்கள் முதல் ஆம்ப்ளிஃபயர் அப்பா கடையிலிருந்து வந்ததுதான். நாங்கள் அப்போது பழகிய பாட்டுகளைக் கேட்டுவிட்டு, "என்னாம்மா இது, எழவு வூட்டுல பாடுற மாதிரி இருக்கு. நடுவுல ஒரு குத்து வையி" என்பார்.

ஒருநாள் காலையில் டீ தம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கடலூரில் பார்த்துவிட்டுச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போய்விட்டன.

சில நாள் கழித்து அம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அப்பா வாயைத் திறந்து, தெளிவாக, "போதும்" என்றார். அம்மா கிண்ணத்தை வைத்துவிட்டு அழுதாள். நான் வராண்டாவுக்கு ஓடி நர்ஸைக் கூப்பிட்டேன். பேச்சு வந்துவிட்டது என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டோம்.

வந்தது அந்த ஒரு சொல் மட்டும்தான். தாகம் என்றாலும் போதும், கால் வலித்தாலும் போதும். என்னைக் கண்டால் முகமெல்லாம் சிரிப்பாக, போதும். மூளையில் அடிபட்டவர்களுக்கு இப்படி ஏதாவது ஒரு சொல் ஒட்டிக்கொள்வது உண்டு, அவர் சொல்ல நினைப்பது வேறாக இருக்கலாம் என்று டாக்டர் பிறகுதான் விளக்கினார். அதுவரை நாங்கள் அந்தச் சொல்லை நம்பிக் கஞ்சிக் கிண்ணத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டிருந்தோம். அப்பா பசியோடு படுத்திருந்திருக்கிறார்.

அதைத்தான் பாட்டாக எழுதினேன். டிரம்ஸ் வாசிப்பவனின் மாமாவுக்குச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு குடோன் இருந்தது. அங்கேயே பயிற்சி, அங்கேயே பதிவு. முதல் சரணத்தில் தாகம், அடுத்ததில் வலி, கடைசியில் வாசலில் வந்து நிற்கும் மகள். எல்லாவற்றுக்கும் பதில் போதும். அவர் வாய் போதும் என்கிறது, உள்ளே இன்னும் இன்னும் என்று கேட்கிறார். என் பாட்டுக்கு அதுதான் அர்த்தம் என்று உறுதியாக நம்பினேன்.

அந்த வாரக் கடைசியில் சிதம்பரத்திலிருந்து வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா அவருடைய வேட்டிகளை மடித்தபடியே கடைசிவரை கேட்டாள்.

"நல்லாத்தான் பாடியிருக்க. ஆனா, இன்னும் இன்னும்னு கேக்குறாருன்னு உனக்கு யாரு சொன்னா?"

"டாக்டர் சொன்னாரேம்மா, அவுரு நெனக்கிறது வேறன்னு."

"வேறயா இருக்கலாம்னாரு. எப்பவும் வேறதான்னா சொன்னாரு? நீ வாரத்துக்கு ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போற. பீ மூத்தரம் நான்தான் அள்ளுறேன். தொடச்சி உடும்போது கண்ண மூடிக்கினு ஒன்னு சொல்றாரு பாரு. அது எனக்கு நெசமாவே போதும்னுதான் கேக்குது."

அன்றிலிருந்து அப்பா அதைச் சொல்லும்போது அவர் கண்ணைப் பார்க்கப் பயந்தேன்.

மழைக்காலத்தில் பக்கவாதம் மறுபடியும் வந்தது. இந்த முறை ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள் டாக்டர்கள். நானும் வீட்டோடு தங்கிவிட்டேன். ஒரு முற்பகல், "போதும்" என்றார். வழக்கம்போல ஸ்பூனில் தண்ணீர் எடுத்துக்கொண்டுபோனேன். உதட்டை இறுக்கிக்கொண்டார். தண்ணீர் மோவாயில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. அம்மா முந்தானையால் துடைத்துவிட்டு, "உடும்மா" என்றாள். பிறகு அவர் எதுவும் பேசவில்லை. பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். மறுநாள் அவருடைய அடக்கத்தை வேறொரு மைக்செட்காரர் ஆட்டோவில் அறிவித்துக்கொண்டு போனார். ஜவுளிக்கடை விளம்பரத்துக்குப் பேசும் அதே குரலில்.

அதன்பிறகு சிதம்பரத்தில் ஒரு கல்லூரிக் கலைவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அம்மாதான் போகச் சொன்னாள். "அடுத்து ஒரு செம லவ் ஃபெயிலியர் பாட்டு" என்று ஒரு மாணவன் மைக்கில் கத்தினான். நான் சரணத்தைப் பாடினேன். பல்லவி வந்ததும் எனக்குக் குரல் எழும்பவில்லை. கூட்டம் அதை எடுத்துக்கொண்டது. ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, ஆடிக்கொண்டு, போதும் போதும் என்று பாடினார்கள். சிலர் நிஜமாகவே அழுதார்கள். நான் தலையைக் குனிந்து கிதாரை மட்டும் முடிவுவரை வாசித்தேன்.

கடலூர் பஸ்ஸில் உட்கார இடமில்லை. வீட்டுக்கு வந்தபோது அம்மா பின்பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பாடுனியா?"

"அவுங்க பாடுனாங்க" என்றேன்.

காய்ந்த துணிகளை என் கையில் கொடுத்துவிட்டு அவள் அடுத்த கொடிக்குப் போனாள்.