பாதியில் நின்ற குளம்

எங்கள் சலவைக் கடையில் அவளுக்குக் கஞ்சி அக்கா என்று பெயர். சட்டைகளுக்குக் கஞ்சி போடுவது அவள் பொறுப்பு என்பது ஒரு காரணம். பேச்சும் அப்படியே மொடமொடவென்று இருக்கும் என்பது இன்னொன்று. முதலாளியிடமே, “குழாய்ல ஆவி ஒழுகுது. இன்னிக்கு சரி பண்ணலன்னா நாளைக்கு நீங்களே வந்து தேய்ச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாள். அவரும் முனகிக்கொண்டே சரி பண்ணிவிடுவார். எனக்கு அடுத்த மேஜை அவளுடையது. வீடும் எங்கள் தெருவின் கடைசி வீடுதான். அதனால் நடந்ததில் பாதியைக் கண்ணால் பார்த்தேன், மீதியை அவள் சொல்லிக் கேட்டேன்.

அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். அவள் பேசாததையும் சேர்த்து அவரே பேசிவிடுவார். குழந்தை இல்லை. கணவருடைய அம்மாவும் அவர்களோடுதான் இருந்தார். வீட்டுக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு நிலம், அதில் தக்காளி, அவரை, கொஞ்சம் கீரை. மழைக் காலத்தில் மேட்டுத் தெருவின் தண்ணீர் முழுவதும் அந்த நிலத்தில் புகுந்து, மண்ணையும் அரித்துக்கொண்டு, மறுபக்கம் ஓடிவிடும். கோடையில் கிணற்றில் வாளியை இறக்கினால் சேறுதான் வரும்.

“அவ்வளவு தண்ணியும் நம்ம தலைமேல ஏறி ஓடுது. பின்னால தாழ்வா ஒரு குளம் வெட்டினா நிக்காதா?” என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். வருஷக்கணக்காகக் கேட்டாள்.

பெரிய இயந்திரம் கொண்டுவர வழியில்லை. அவர்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சந்து. அதில் ஒரு தடித்த ஆளும் ஒரு சைக்கிளும் எதிரெதிரே வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும். கடைசியில் வேன்காரர் மூடிப்போன ஒரு செடிப் பண்ணையிலிருந்து பழைய குட்டி டிராக்டர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். முன்னால் மண் அள்ளும் வாளி, பின்னால் மண்ணைக் கிளறும் கொழுக்கள். பெரிய டிராக்டர் பக்கத்தில் நிறுத்தினால் அதன் பிள்ளை மாதிரி இருக்கும். தெருவே வேடிக்கை பார்த்தது. “சுண்டெலி” என்று பெயரும் வைத்தோம். சந்துக்குள் இரண்டு பக்கமும் விரற்கடை இடம் விட்டு அது நுழைந்தபோது வேன்காரர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார், ஏதோ கப்பலைத் துறைமுகத்தில் சேர்த்தவர் போல.

விடுமுறை நாட்களில் வெட்டினார். முதலில் கொழுவை இறக்கி மண்ணைப் பொலபொலவென்று கிளறுவார். பிறகு வாளியால் அள்ளி, ஏறி, கரையில் கொட்டுவார். ஒரு வாளியில் வருவது நாலு கூடை மண் இருந்தால் அதிகம். பள்ளம் ஆழமாக ஆக, ஏறி இறங்கும் சரிவும் செங்குத்தானது.

அன்று விடுமுறை அவருக்கு மட்டும்தான். எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபத்துத் துணி வந்து குவிந்து கிடந்தது. அக்காவின் இரண்டு கையும் முழங்கை வரை கஞ்சித் தொட்டியில் இருந்தன. மேஜைமேல் அவள் போன் அடித்தது.

“எடுத்துக் காதுல வை” என்றாள் என்னிடம்.

வைத்தேன். மாமியாரின் குரல் எனக்கும் கேட்டது.

“வண்டி கவுந்துடுச்சு. அவன் அடியில இருக்கான். கூப்பிட்டா பேச மாட்டேங்கறான்.”

அக்கா கையைத் துடைக்கவில்லை. அப்படியே ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெரு ஆண்கள் வண்டியைத் தூக்கி நிமிர்த்தியிருந்தார்கள். வேன்காரர் அவசரப்பட்டு, நிறைந்த வாளியை உயரத் தூக்கிவைத்துக்கொண்டு, சரிவில் குறுக்காகத் திரும்பியிருக்கிறார். வண்டி பக்கவாட்டில் சாய்ந்து அவர்மேலேயே விழுந்திருக்கிறது. அவளுடைய கையில் கஞ்சி காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. அந்தக் கையால்தான் அவர் முகத்தில் இருந்த மண்ணைத் துடைத்தாள்.

காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, மாமியார் அவளிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“குளம் குளம்னு நீதானே உயிரை வாங்கின.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. ஒருவர் சமைத்து வைப்பார், இன்னொருவர் போட்டுக்கொண்டு போய்த் தன் அறையில் சாப்பிடுவார். தட்டு கழுவும் சத்தத்தை வைத்துத்தான் ஒருவர் இருப்பதை ஒருவர் தெரிந்துகொள்வார்கள். கடையில் அக்காவின் பேச்சும் குறைந்தது. குழாயில் ஆவி ஒழுகியது, அவள் ஒன்றும் சொல்லவில்லை. முதலாளி தானாகவே வந்து, “அது… சரி பண்ணிடவா?” என்று அவளிடம் கேட்டார்.

சின்ன மழை ஒன்று பெய்தது. பாதிப் பள்ளத்தில் முழங்கால் அளவு கலங்கல் தண்ணீர் தேங்கி, நாறி, கொசு மொய்த்தது. நடுவில் டிராக்டர் துருவேறிக்கொண்டு நின்றது. வேறு ஊரில் மளிகைக் கடை வைத்திருந்த கொழுந்தனார் வந்தார்.

“அண்ணி, வண்டிய வித்துடலாம். குழிய நானே ஆள வச்சு மூடிடறேன். உங்களுக்கு எதுக்கு இந்தக் கொடுமை?”

“மூடினா?”

“மூடினா… மறந்துடலாம் இல்ல?”

“மூடின இடம் எதுன்னு எனக்குத் தெரியாதா தம்பி? தினமும் ஜன்னலத் திறந்து அதைத்தானே பாக்கணும்.”

“அப்ப என்னதான் பண்றது?”

“வெட்டி முடிக்கப் போறேன்.”

அவர் அம்மாவின் அறைப் பக்கம் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. அண்ணிக்குத் துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று எங்கள் வீட்டில் வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடுத்த நாள் துணி தேய்த்துக்கொண்டே கேட்டேன், “எதுக்குக்கா? யாருக்காக?”

“தெரியல. அதை இப்படிப் பாதியில பாக்கவும் முடியல, மூடி வச்சுப் பாக்கவும் முடியாது” என்றாள். அதற்குமேல் அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தெரு ஆண்கள் வண்டியைக் கரைக்கு இழுத்துவிட, மெக்கானிக் வந்தார். எந்த நேரமும் எதையாவது மென்றுகொண்டிருக்கும் மனிதர். வண்டியைச் சுற்றி வந்தார், தட்டினார், கீழே படுத்துப் பார்த்தார்.

“வண்டிக்கு ஒண்ணும் பெருசா ஆகலம்மா” என்றவர், சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்து மெல்லுவதை நிறுத்தினார். பிறகு இருக்கைக்குப் பின்னால் இருந்த இரண்டு வெறும் போல்ட் ஓட்டைகளைக் காட்டினார். “இங்க ஒரு கம்பி வளைவு இருந்திருக்கணுமே. தலைக்கு மேல நிக்கும். வண்டி சாஞ்சாலும் ஆள்மேல முழுசா விழாது. அது எங்க?”

கொட்டகையில் விறகுக்குப் பின்னால் கிடந்தது. கொட்டகை வாசல் தாழ்வு. கம்பி வளைவோடு வண்டி உள்ளே போகாது. அதனால் வேன்காரர் கழற்றிவிட்டார்.

“அதை மாட்டுங்க. பெல்ட்டும் வேணும்” என்றாள் அக்கா. வண்டி உள்ளே போவதற்காகக் கொட்டகையின் முன்தகரத்தைத் தானே அறுத்து எடுத்தாள். அந்தக் கிறீச்சொலி தெரு முழுவதும் கேட்டது. பிறகு மெக்கானிக் அவளை ஏற்றிவைத்து ஓட்டக் காட்டிக்கொடுத்தார். “ஒரு பக்கம் இறங்கு, மறுபக்கம் ஏறு. நேரா போ, நேரா வா. குறுக்க மட்டும் திருப்பாத. வாளி தரையோட ஒட்டியே இருக்கட்டும்.”

வளைவை மாட்டிய அன்று சாயங்காலம், மாமியார் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தபடி நின்றார். அக்கா கையில் ஸ்பேனரோடு போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். அவளாகவே இதை என்னிடம் பிறகு சொன்னாள்.

“நான்தான் சொன்னேன்” என்றாராம் மாமியார்.

“என்ன அத்தை?”

“வண்டிய மழையில விடாத, உள்ள நிறுத்துன்னு. உள்ள போகலம்மான்னான். எப்படியாவது நிறுத்துடான்னு நான்தான் சொன்னேன். அதுக்குத்தான் கழட்டினான்.”

அக்கா எழுந்து போய் அவர் கையைப் பிடித்திருக்கிறாள். மாமியார் கையை மெதுவாக உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றும் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குத்தான் போனார்.

மறு வாரம் அக்கா வெட்டத் தொடங்கினாள். தேங்கிய தண்ணீரை இறைத்து, சேறு காயும் வரை காத்திருந்து, ஒரு காலையில் சுண்டெலியைக் கிளப்பினாள். அது இருமி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். சரிவின் உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு, வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்துவிடுவாள் என்றே நினைத்தேன். பிறகு வண்டி மெதுவாக உள்ளே இறங்கியது. தலையும் மறைந்தது. சத்தம் மட்டும் கேட்டது. எதிர்ச் சரிவில் ஏறி வந்தபோது வாளியில் மண் இருந்தது, அவள் முகம் முழுவதும் நனைந்திருந்தது.

அந்தச் சத்தத்தை மாமியாரால் தாங்க முடியவில்லை. மகன் இறந்த அன்று கேட்ட அதே சத்தம். தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுத்துப் பார்த்திருக்கிறார். இளைய மகனுக்குப் போன் போட்டு, “என்னால முடியலடா, வந்து கூட்டிட்டுப் போ” என்றார். கொழுந்தனார் வந்தார். அக்கா வண்டியை நிறுத்திவிட்டு, மண் கையோடு வாசலுக்கு வந்தாள்.

“நிறுத்திடறேன் அத்தை. வேணாம்னா இப்பவே நிறுத்திடறேன்.”

“வேணாம்னு நான் சொல்லலையே” என்றார் மாமியார். “நீ வெட்டு. நான் இங்க இருந்துக்கிட்டுக் கேக்க மாட்டேன், அவ்வளவுதான்.”

கொழுந்தனார் அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு போன பிறகு அக்கா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று அவள் மேற்கொண்டு வெட்டவில்லை.

விடுமுறை விட்டு விடுமுறையாக வேலை நகர்ந்தது. ஒரு நாள் பின்சக்கரம் சேற்றில் புதைந்து, தெரு ஆண்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். “சுண்டெலி பொறியில மாட்டிக்கிச்சு” என்று யாரோ சொல்ல, அக்கா சிரித்தாள். கணவர் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். மழைக்கு முன்னால் குளம் முடிந்தது. மழை வந்தது, தண்ணீர் புகுந்தது, கரை தொட்டு நின்றது. தெருவே வந்து பார்த்தது. நாலைந்து நாளில் எல்லாம் மண்ணுக்குள் இறங்கிப்போய், அடியில் விரிசல் விட்ட சேறு மட்டும் மிஞ்சியது.

“அடியில மணல் ஓடுது” என்றார் மெக்கானிக். “களிமண் போட்டு இறுக்கணும்.”

அன்று கடைக்கு வந்தவள் மேஜையில் சட்டையை விரித்து வைத்துக்கொண்டு தேய்க்காமலே நின்றாள். நான் பெட்டியை வாங்கி அவள் பங்கையும் சேர்த்துத் தேய்த்தேன். முதலாளி பார்த்தும் பார்க்காதது போல் இருந்துவிட்டார்.

செங்கல் சூளைக்காரர் வேண்டாமென்று ஒதுக்கிய களிமண்ணை, ஒரு கோடை முழுவதும் வாளி வாளியாகச் சந்து வழியே கொண்டுவந்தாள். அடியில் பரப்பி, தண்ணீர் தெளித்து, வண்டியை முன்னும் பின்னும் ஓட்டி இறுக்கினாள். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்கார வேலை போலத்தான் தெரியும். அடுத்த மழைக்குத் தண்ணீர் நின்றது. மழை விட்ட பிறகும் நின்றது.

சுற்றிலும் கம்பி வேலி போட்டு, கதவுக்குப் பூட்டும் மாட்டினாள். தோட்டம் பிழைத்தது. அவரைக்காயை மடிநிறையக் கடைக்குக் கொண்டுவந்து எங்களுக்குப் பங்கு பிரிப்பாள். குளக்கரையில் அவள் உட்கார்ந்து ஒருநாளும் நான் பார்த்ததில்லை. தண்ணீர் இறைப்பாள், கதவைப் பூட்டுவாள், வந்துவிடுவாள்.

மாமியார் திரும்பி வரவில்லை. ஒரு மத்தியானம் நாங்கள் கடையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. குரல் மிகவும் தளர்ந்திருந்தது. மருந்து சாப்பிட்டீர்களா, தூக்கம் வருகிறதா என்று அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“தண்ணி நிக்குதா?” என்று கேட்டார் மாமியார்.

“நிக்குது அத்தை.”

“வடியலையே?”

“வடியல.”

“சரி” என்றார். பிறகு, “நீ சாப்பிடு” என்றார்.

அக்கா போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். டப்பாவில் இருந்த சோற்றை வெகுநேரம் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.