மாமன் சீரும் காலநிலையியல் தாளும்

எங்கள் குடும்பத்தில் பரீட்சைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பரீட்சை என்றால் கேபிளைத் துண்டித்துவிடுவார்கள், விருந்தாளிகள் வர மாட்டார்கள், குக்கர்கூட யோசித்துத்தான் விசில் அடிக்கும். கல்யாணமோ, ஞானஸ்நானமோ, வீடு பால்காய்ச்சோ, எதற்கு நாள் குறித்தாலும் முதலில் கேட்பது, "யாருக்கும் பரீட்சை இருக்கா?" என்பதுதான். எல்லாப் பிள்ளைகளின் தேதியையும் வாங்கிய பிறகே காலண்டரில் விரல் வைப்பார்கள். நான் மருமகளாக வந்த நாளிலிருந்து இந்த விதியை யாரும் மீறி நான் பார்த்ததில்லை. எனக்கும் அது நல்ல விதியாகத்தான் பட்டது.

எனக்கு நாற்பத்து நான்கு வயது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை. படித்தது பி.காம். அதைத் தேர்ந்தெடுத்தவர் என் அப்பா, அவருக்கு அந்தப் படிப்பு ரொம்பப் பிடித்திருந்தது. எனக்குப் பிடித்த பாடம் எது என்று எனக்கே தெரிய வந்தது என் மகன் பத்தாம் வகுப்பு படித்த வருஷத்தில்தான். அவன் ஒப்பிப்பான், நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சரிபார்க்க வேண்டும். புவியியல் வந்தால் அவன் ஒப்பித்துவிட்டு எழுந்து போய்விடுவான், நான் அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

அதில் போட்டிருந்தது இதுதான். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, மழையை அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. நம் பக்கம் இறங்கும்போது வெறுங்கையோடு இறங்குகிறது. நாம் இருப்பது மழை மறைவுப் பிரதேசம். பிறந்ததிலிருந்து மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் மலை மேல் மேகம் நிற்பதைப் பார்த்து வருகிறேன். அது ஏன் ஊருக்குள் வர மாட்டேன் என்கிறது என்பதற்குக் காரணம் கண்டுபிடித்து, அச்சடித்து, பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தும் வருகிறார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் அந்தப் பாடத்தை ஒரு காலத்தில் படித்து மார்க் வாங்கியிருப்பேன் என்பதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலில்தான் அஞ்சல்வழிக் கரஸில் எம்.ஏ. புவியியல் சேர்ந்தேன்.

நூலகத்தில் புவியியல் புத்தகங்கள் சமையலுக்கும் ஜோதிடத்துக்கும் நடுவில் இருந்தன. சமையலும் ஜோதிடமும் அட்டை கிழிந்து, முதுகு ஒட்டிப்போட்டு, நாலு வீடு பார்த்த களையோடு இருந்தன. புவியியல் மட்டும் வாங்கிய மேனிக்கு இருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு போனபோது நூலகர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இது பாடப் புத்தகம்மா" என்றார். தெரியும் என்றேன். "கதை இல்ல" என்றார் மறுபடியும். மனசாட்சியுள்ள மனிதர்.

புத்தகத்தில் விளங்காததைப் போனில் கேட்டேன். எங்கேயோ வடக்கே ஒரு பேராசிரியர் தன் வகுப்புகளை வீடியோவாகப் போட்டு வைத்திருந்தார். ஆங்கிலத்தில் பேசுவார், பலகையில் அம்புக்குறி போடுவார், அம்புக்கு ஒரு தடவை இருமுவார். வெண்டைக்காய் நறுக்கும்போது வளிமண்டல அடுக்குகள், பாத்திரம் தேய்க்கும்போது கடல் நீரோட்டங்கள் என்று எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அவர் காதில் பாடம் ஏறவில்லை, இருமல் ஏறிவிட்டது.

"இந்த சார் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாக்கலாம்லா?" என்றார் ஒரு நாள்.

"இது பழைய வீடியோங்க."

"அப்பமே இப்படின்னா, இப்ப எப்படி இருக்காரோ" என்று வருத்தப்பட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில். போதகர், "முதல் ஆராதனைக்கு வந்துட்டு அப்படியே பஸ் ஏறிரும்மா" என்று வழி சொன்னார். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு அறையைக் கொடுத்திருந்தார்கள். பெஞ்சும் ஆறாம் வகுப்புக்கு உரியதுதான், முழங்காலை மடக்கிவிட்டால் பிறகு நீட்ட வழியில்லை. என்னோடு படித்தவர்கள் எல்லாரும் இன்கிரிமென்ட்டுக்கும் புரமோஷனுக்கும் வந்தவர்கள். எங்கள் வாத்தியார் முதல் நாள் ஒவ்வொருவரிடமும் எதற்குப் படிக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான், "புடிச்சிருக்கு சார்" என்றேன். மீதியை எதிர்பார்த்து செத்த நேரம் நின்றார். மீதி இல்லை என்று தெரிந்ததும் அடுத்த ஆளிடம் போனார். ஆனால் நல்ல வாத்தியார். காற்றழுத்தத்தை அவர் விளக்கியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் சொன்னதில்லை.

சொந்தக்காரர்களுக்கு நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போவது பால்கோவா வாங்கத்தான். போன இடத்தில் ஏதோ வகுப்பும் நடக்கிறது போல என்று நினைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை சாயங்காலமே போன் வர ஆரம்பித்துவிடும். பருவக்காற்றும் பால்கோவாவும் ஒரே பையில்தான் வரும். என் நோட்டுகளில் எதைத் திறந்தாலும் நெய் பிசுக்கு.

அரைக் கிலோ தனியாகக் கட்டி மதினி வீட்டில் கொடுக்க வேண்டும். மதினி என் கணவரின் அக்கா, உள்ளூரில்தான் இருக்கிறார். குடும்பத்தில் எது நடந்தாலும் அவர் சொன்ன பிறகுதான் நடந்ததாகக் கணக்கு. என் படிப்பு அவருக்கு ஆகவே ஆகாது. ஒரு தடவை குடும்பத்தோடு அய்யனார் கோவில் அருவிக்குப் போயிருந்தோம். ஊரில் ஒரு சொட்டு இல்லாதபோதும் ஓடையில் திடீரென்று எப்படித் தண்ணீர் ஏறுகிறது என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். "ஏட்டி, குளிக்க வந்தியா, பாடம் எடுக்க வந்தியா? தலையத் துவட்டு" என்று துண்டை என் தலையில் போட்டார்.

எல்லாத் தாள்களும் பாஸ் ஆகிவிட்டன. காலநிலையியல் ஒன்று மட்டும் நின்றது. முதல் தடவை மாமனாருக்கு இடுப்பு ஆபரேஷன், போகவே முடியவில்லை. அடுத்த தடவை போய் எழுதினேன். மழை மறைவுப் பிரதேசம் பற்றிக் கேட்டிருந்தார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்த ஒரு கேள்விக்கே பாதிப் பேப்பரைத் தீர்த்துவிட்டேன், மற்ற கேள்விகளுக்கு நேரம் இல்லை. பிடித்த பாடத்தில் ஃபெயில் ஆக அதுதான் நல்ல வழி. இனி ஒரே ஒரு வாய்ப்பு. இதிலும் விட்டால் பதிவுக் காலம் முடிந்துவிடும், பாஸ் ஆன தாள்கள் ஒன்றுக்கும் உதவாது, மறுபடி சேர்ந்து முதலிலிருந்து எழுத வேண்டும். எனக்கு அந்தத் தெம்பு இல்லை, வீட்டிலும் இன்னொரு தடவை விட மாட்டார்கள் என்று தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் மதினியின் கடைசி மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. நாள் குறிக்க எல்லாரும் எங்கள் வீட்டு ஹாலில் கூடினார்கள். என் கணவர் தாய்மாமன், அதனால் இங்கேதான் கூட வேண்டும். நான் வடைத் தட்டோடு நின்றேன். புதன்கிழமை என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. எனக்கு வியாழக்கிழமை பரீட்சை, மனசுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டேன். அப்போது மதினி வழக்கமான கேள்வியைக் கேட்டார். வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் யூ.கே.ஜி. படிக்கும் மதினியின் பேரனுக்குப் புதன்கிழமை ரைம்ஸ் பரீட்சை என்று தெரிய வந்தது.

"அப்பம் வியாழக்கிழமை வச்சிருவோம்" என்றார் மதினி. "புள்ள படிப்பு முக்கியம்லா."

நான் நின்றேன். என்னைக் கேட்பார்கள் என்று நின்றேன். என் கணவர் ஃபேனைப் பார்த்தார். ஹாலில் உள்ள ஒவ்வொருத்தருக்கும் நான் படிப்பது தெரியும், என் பால்கோவா தின்னாத வாய் அங்கே ஒன்றுகூட இல்லை. யாரும் என் பக்கம் திரும்பவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"எனக்கு வியாழக்கிழமை பரீட்சை."

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். கடைசி வாய்ப்பு என்பதை விளக்கினேன். மதினிக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏட்டி, யூ.கே.ஜி. புள்ளையோட போட்டிக்கு நிக்கியா? மாமன் சீரை மாமன் பொண்டாட்டிதான் தூக்கிட்டு வரணும். நீ இல்லாட்டா சம்பந்தக்காரங்க என்ன கேப்பாவ?"

"எங்கன்னு கேப்பாவ. பரீட்சைக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க மதினி."

"வாயப் பாரு" என்றார். அதன் பிறகு கல்யாணம் வரை என்னோடு பேசவில்லை. நாளையும் மாற்றவில்லை. சர்ச்சில் கல்யாண ஓலை வாசித்த ஞாயிறுகளில்கூட, பக்கத்துப் பெஞ்சில் இருந்துகொண்டு என்னைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தார்.

நான் படித்தேன். வேறு என்ன செய்வது? குற்றவுணர்ச்சி இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதைவிடக் கோபம் கூட இருந்தது, கோபத்தில் பாடம் நன்றாக ஏறுகிறது.

கல்யாணத்தன்று காலையில் பட்டுச்சேலையும் மல்லிகையுமாகப் புறப்பட்டேன், முடித்துவிட்டு நேரே மண்டபத்துக்குப் போக வேண்டுமே. என் கணவர் பைக்கில் பஸ் ஸ்டாண்டில் விட்டார். வழியெல்லாம் பேசவில்லை. பஸ் ஏறும்போது மட்டும், "அந்த இருமல் சார் சொன்னதை அப்படியே எழுது" என்றார். அதற்கு மேல் அவருக்கு வராது.

பரீட்சை ஹாலில் எனக்குப் பின்னால் எழுத உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் மல்லிகை வாசனைக்குத் தும்மிக்கொண்டே எழுதினார். அதே மழைக் கேள்வி இந்தத் தடவையும் வந்திருந்தது. அளவாக எழுதி நிறுத்தினேன், மனசே இல்லை. எல்லாக் கேள்விக்கும் எழுதி முடித்துப் பேப்பரைக் கொடுத்தபோது அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான். பாஸ் ஆகிவிடுவேன் என்று எனக்கு அப்போதே தெரியும், ஆகவும் செய்தேன்.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தி. பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பிப் போயாகிவிட்டது. சீர்த் தட்டை என் கணவரே தூக்கியிருக்கிறார், போட்டோவில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் போல நிற்கிறார். நான் ஓரமாக ஓர் இலையில் உட்கார்ந்தேன். மதினி சாம்பார் வாளியோடு வந்தார். கண் வீங்கியிருந்தது, மகளை அனுப்பிய கண். ஊற்றுகிற வேகத்தைப் பார்த்தால் இன்னும் கோபம் தீரவில்லை.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் மதினி."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். இப்போது திட்டப்போகிறார் என்று நினைத்து, சோற்றைப் பிசைந்துகொண்டே குனிந்துகொண்டேன்.

"எனக்கு ஒன்பதாப்பு முழுப்பரீட்சை, கணக்கு. அன்னைக்குத்தான் மொதமொதல்ல பொண்ணு பாக்க வந்தாவ. உன் வீட்டு ஹால்லதான். எனக்குப் பரீட்சைன்னு அங்க எல்லாத்துக்கும் தெரியும்ட்டி. ஒருத்தரும் கேக்கல. கேட்டா சொல்லுவோம்னு நானும் நின்னேன்."

நான் கையை நிறுத்தினேன்.

"அன்னைக்கு உன் வீட்டுக்காரனுக்கும் அஞ்சாப்புப் பரீட்சை. அவனை மட்டும் அனுப்பிட்டாவ. சேலையக் கட்டிக்கிட்டு நான்தான் அவனுக்குப் பென்சில் சீவிக் குடுத்தேன். வந்தவிய என்னைய வேண்டாம்னுட்டுப் போயிட்டாவ. பொறவு பள்ளிக்கூடத்துக்கும் விடல. நீ தட்டைக் கீழ வச்சிட்டுச் சொன்னியே, எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம், உன்னைய அடிக்கலாம்னு."

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரசம் கொண்டு வந்தவரைக் கூப்பிட்டு என் இலையில் ஊற்றச் சொன்னார்.

"கணக்கு நான் நல்லா போடுவேன்ட்டி" என்றார்.