நான் போட்ட சிவப்பு டிக்

தவறான விடைக்கு நான் டிக் போட்டேன். தவறு என்று தெரிந்தே போட்டேன். அந்த டிக்கை நம்பி ஒருத்தி பொதுத்தேர்வு எழுதினாள்... தோற்றுப்போனாள்.

இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல எனக்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது. அதுவும் சொல்ல வேண்டியவளிடம் சொல்லாமல், முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். இதிலும் கோழைத்தனம்தான், பாருங்கள்!

திருவண்ணாமலையில் நான் படித்த பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. உங்கள் பள்ளியிலும் இருந்திருக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பெண்ணைக் குழுத் தலைவி ஆக்குவார்கள். தேறுவது சந்தேகம் என்கிற நாலைந்து பேரை அவளிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் ஒவ்வொரு வினாவாக மனப்பாடம் செய்து அவளிடம் ஒப்பிக்க வேண்டும். பிறகு பார்க்காமல் நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். சரியாக இருந்தால் தலைவி சிவப்பு மையில் டிக் போடுவாள். டிக் விழுந்த வினாவைத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை, அடுத்ததற்குப் போகலாம். இயற்பியல் மிஸ் வாரக் கடைசியில் டிக்குகளை எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். விடைகளைப் படிக்க அவருக்கு நேரமில்லை. அதற்குத்தானே நாங்கள் இருந்தோம்!

என் குழுவில் அம்சவல்லி இருந்தாள். அம்சா. அடி அண்ணாமலையிலிருந்து வருவாள். கிரிவலப் பாதையில் அவள் அப்பாவுக்கு இளநீர்க் கடை. பௌர்ணமி வந்தால் இரண்டு நாள் பள்ளிக்கு வரமாட்டாள். மூன்றாம் நாள் கண் சிவந்து வந்து, விட்டுப்போன பாடத்தைக் கேட்டு என் முன்னால் நிற்பாள். பிளஸ் டூ வரை வந்தது அவள் வீட்டில் அவள்தான் முதல் ஆள். நர்சிங் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. நோட்டின் அட்டையில் 'சிஸ்டர் அம்சவல்லி' என்று எழுதி, யாரும் பார்த்துச் சிரித்துவிடக் கூடாதென்று அதன்மேல் லேபிளை ஒட்டி வைத்திருந்தாள். என்னிடம் மட்டும் ஒரு நாள் லேபிளின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

நானோ, நோட்ஸ் எடுப்பதில் பேர்போனவள். நான்கு நிறப் பேனா, அளவுகோல் வைத்த அடிக்கோடு, ஒரு பாடத்தையே ஒரு தாளில் அடக்கிவிடும் சாமர்த்தியம்! இயற்பியலில் நூற்றுக்கு நூறு வாங்கியே தீருவேன் என்று வீட்டில் சவால் விட்டிருந்தேன். மற்றவர்கள் ஒப்பிக்கும்போதுகூட என் மடியில் என் நோட்ஸ்தான் இருக்கும். காதை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கையை எனக்கு வைத்துக்கொள்வேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் மிஸ் வகுப்பு முழுவதும் கேட்க என்னைத் திட்டினார்.

"உன் குரூப்புலதான் டிக்கு ரொம்ப கம்மி. நீ மட்டும் சென்டம் வாங்கிட்டா போதுமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கோபம் மிஸ் மேல் வரவில்லை. இந்த நாலு பேரால்தானே எனக்குக் கெட்ட பெயர் என்று அவர்கள் மேல்தான் வந்தது.

மறுநாள் மதியம் அம்சா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மின்தேக்கி அஞ்சு மார்க்கு, சொல்லட்டாடி?"

"சீக்கிரம் சொல்லு."

சொன்னாள். ஒரு இடத்திலும் தடுக்காமல் சொன்னாள்... ஆனால் மாற்றிச் சொன்னாள்! மின்தடைகளைத் தொடராக இணைத்தால் மதிப்புகளை அப்படியே கூட்ட வேண்டும். மின்தேக்கிகளுக்கு இது நேர் எதிர். பக்க இணைப்பில்தான் கூட்ட வேண்டும். அவள் மின்தடைக்கு உள்ளதை மின்தேக்கிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனையோ பேருக்கு வருகிற குழப்பம்தான். பத்து நிமிடம் போதும், படம் போட்டுப் புரியவைத்திருக்கலாம்.

என் மடியில் பாதி முடிந்த நோட்ஸ் இருந்தது. மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது.

"கரெக்டாடி?" என்று கேட்டாள்.

"கரெக்ட். எழுது."

எழுதினாள். அழகாகப் படமும் போட்டாள். நான் டிக் போட்டேன். பெரிய டிக்! அவள் முகம் மலர்ந்ததை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பாதீர்கள். பார்த்தேன்.

பிறகு திருத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். நினைத்தேனா? இல்லை, அப்படி நினைத்ததாக இப்போது நினைத்துக்கொள்கிறேனா? தெரியவில்லை... அந்த வாரம் என் குழுவுக்கு டிக் அதிகம். மிஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தேர்வில் அந்த வினாவே வந்தது. நானும் அதைத்தான் எழுதினேன், சரியாக. வெளியே வந்ததும் அம்சா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மின்தேக்கி வந்துச்சுடி! நீ டிக் போட்டியே, அதேதான்! அப்படியே எழுதிட்டேன்!"

"சூப்பர்டி" என்றேன்.

இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு எழுபது மதிப்பெண். அதில் குறைந்தது பதினைந்து வாங்கினால்தான் தேர்ச்சி. அம்சா வாங்கியது பதின்மூன்று. நான் நூற்றுக்கு நூறு. என் வீட்டில் கேசரி கிளறினார்கள்.

இதோடு நின்றிருந்தால்கூட, வயதுக் கோளாறு என்று நீங்கள் மன்னிக்கக்கூடும். நிற்கவில்லை. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கச் சொல்லி மிஸ் அவளுக்கு யோசனை சொன்னார். அவள் என்னிடம் வந்து கேட்டாள்: "வாங்கலாமாடி?" நகல் கைக்கு வந்தால் அந்தப் பக்கத்தில் சிவப்புக் கோடு இருக்குமே! புத்தகத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடுமே! "வேணாம்டி, வீண் அலைச்சல். அதுல ஒண்ணும் மாறாது" என்றேன். அவள் தலையாட்டினாள். அப்போதும் என்னைத்தான் நம்பினாள்.

"துணைத் தேர்வாவது எழுதேன்" என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

"ஒழுங்கா படிச்சதே வரல. மீதி எங்க வரப்போவுது? என் மண்டை அவ்ளோதான்டி."

அவள் மண்டையில் குறை இல்லை என்று எனக்கு மட்டுமே தெரியும்! ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவள் எழுதியிருப்பாள், நர்சிங்கும் சேர்ந்திருப்பாள். அவள் துணைத் தேர்வு எழுதவில்லை.

இப்போது நான் பட்டம் வாங்கி, வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கிரிவலப் பாதைப் பக்கம் போவதில்லை. கேட்பவர்களிடம் கால் வலி என்பேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லாமல் ஸ்கூட்டியில் அந்த வழியாகப் போனேன்.

"ஏய்! கண்டுக்காம போற?"

அம்சாதான். கடையை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பக்கத்தில் தங்கை கோமதி நின்றிருந்தாள்.

"இவ இப்ப பிளஸ் டூ. என் பிசிக்ஸ் நோட்டத்தான் குடுத்திருக்கேன். எல்லாத்துலயும் நீ டிக் போட்டிருக்கியே, இவளுக்கு வேற இன்னா வேணும்?"

"ஒரு தடவை பார்த்துட்டுத் தரேன்" என்று நோட்டை வாங்கிவந்தேன். அட்டையில் கோமதியின் பெயரோடு புது லேபிள். அதற்கடியில் பழைய லேபிள் தெரிந்தது. இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். 'சிஸ்டர் அம்சவல்லி' அப்படியே இருந்தது.

மின்தேக்கிப் பக்கத்தில் அவள் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ஓரத்தில் சரியானதை எழுதினேன். டிக்கை அழிக்கப் பார்த்தேன். தாள் தேய்ந்ததே தவிர, டிக் போகவில்லை. அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, வழியெல்லாம் மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன்.

கோமதி நோட்டைப் புரட்டினாள். சரியாக அந்தப் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, இது தப்புன்னா... அன்னைக்கு எப்படிக்கா டிக் போட்டீங்க?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்சா சிரித்துவிட்டாள்.

"அவ தப்பா டிக் போடுவாளாடி? நான் சொல்லும்போது கரெக்டாதான் சொல்லியிருப்பேன். எழுதும்போது மாத்தி எழுதியிருப்பேன், அவளும் பார்த்திருக்க மாட்டா. என் மண்டைதான் உனக்குத் தெரியுமே!"

கோமதியும் சிரித்தாள். அம்சா ஓர் இளநீரைச் சீவி என் கையில் கொடுத்தாள்.

நான் குடித்தேன்.